சுண்டலுக்கு உப்புசம்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். கொத்தமல்லிக் கட்டு இருக்கும் பிளாஸ்டிக் கவர் லேசாகச் சரசரத்தால் போதும், ஹால் மூலையிலிருந்து "வீக், வீக், வீக்" என்று ஆரம்பித்துவிடுவார்கள். ஆஃபீஸ் மீட்டிங்கில் இருந்தவர்கள்கூட ஒருமுறை "உங்க வீட்ல ஏதோ அலாரம் அடிக்குதுங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். போண்டாவின் குரல் கட்டை. சுண்டலுடையது கீச்சு. 2023 காணும் பொங்கல் அன்று காலை ஏழரை மணிக்கு நான் ஃபிரிட்ஜைத் திறந்தபோது கட்டைக் குரல் மட்டும்தான் கேட்டது.

உடனே கவனித்துவிட்டேன் என்று எழுத ஆசைதான். நான் கவனிக்கவில்லை. அப்பாயிதான் பூக்கட்டிக்கொண்டே, "என்னடா, இன்னைக்கு ஒருத்தன்தான் கத்துறான்?" என்று கேட்டது. "தூங்குறானா இருக்கும் அப்பாயி" என்று சொல்லிவிட்டு காபியை எடுத்துக்கொண்டு லேப்டாப் முன்னால் போய் உட்கார்ந்துவிட்டேன். அப்படிப் போனதில் இரண்டு மணி நேரம்.

(எங்கள் வீட்டில் விலங்குகள் 'அவன்'. அப்பாயி 'அது'. லால்குடிப் பக்கத்துப் பிரியம் அப்படி. இலக்கணம் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.)

போண்டாவும் சுண்டலும் கினிப் பன்றிகள். பன்றியும் இல்லை, கினி நாட்டைச் சேர்ந்தவையும் இல்லை. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதியில் பல ஆயிரம் ஆண்டுகளாக வீட்டோடு வளர்க்கப்பட்டு வந்த கொறிக்கும் பிராணி. நாம் கோழி வளர்ப்பது மாதிரி அங்கே இறைச்சிக்காக வளர்த்தார்கள், பெருவில் இன்றும் விரும்பிச் சாப்பிடுகிறார்கள். அக்கா 2021-ல் இரண்டையும் ஒரு கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வாங்கி வந்தாள். கடைக்காரர் "முயல் மாதிரிதான் மேடம், என்ன போட்டாலும் திங்கும்" என்று சொல்லிக் கொடுத்தாராம். என்ன போட்டாலும் தின்னும் என்பது பெரும்பாலும் உண்மை. பிரச்சினையே அதுதான்.

அடுத்த வருடம் அக்கா படிக்க ஜெர்மனி போய்விட்டாள். போகும்போது ஃபிரிட்ஜ் கதவில் நாலு பக்கத்துக்கு எழுதி ஒட்டிவிட்டுப் போனாள். முதல் வரி, சிவப்பு மையில்: "இருபத்துநாலு மணி நேரமும் கூண்டில் ஹே இருக்கணும்."

ஹே என்றால் என்ன என்று அப்பாயிக்கு விளக்குவதற்குள் எனக்கு நாக்குத் தள்ளிவிட்டது. கூரியரில் வந்த மூட்டையைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "வைக்கோலையா கிலோ 700 ரூவா குடுத்து வாங்குற? எங்க ஊர்ல போருப் போரா கெடக்கேடா" என்றது. வைக்கோல் வேறு, ஹே வேறு. வைக்கோல், நெல்லை அடித்து எடுத்த பிறகு மிஞ்சுகிற தாள். ஹே, புல் கதிர் முற்றுவதற்கு முன்பே பச்சையில் அறுத்துக் காயவைத்தது. சத்தும் வாசமும் அதில்தான் இருக்கும். பனிக்காலத்தில் புல்லே முளைக்காத ஊர்க்காரர்கள் கோடையிலேயே அறுத்துச் சேர்த்துவைக்க வேண்டியிருந்தது. காவிரிக்கரைக்காரர்களுக்கு அந்த அவசியம் வரவில்லை, அதனால் தனிச்சொல்லும் வரவில்லை என்பது என் சொந்தக் கண்டுபிடிப்பு. "காஞ்ச புல்லுன்னு சொல்லித் தொலையேன்" என்று அப்பாயி முடித்துவிட்டது.

அந்தக் காய்ந்த புல்தான் கினிப் பன்றிக்கு எல்லாம். அதன் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும், புல்லை அரைத்து அரைத்துத்தான் தேய வேண்டும். குடலும் அப்படித்தான். மாட்டுக்கு உணவு புளிப்பது முன்பக்கத்தில், இரைப்பையில். கினிப் பன்றிக்குப் பின்பக்கத்தில். சிறுகுடலும் பெருங்குடலும் சேருகிற இடத்தில் பெருங்குடல்வாய் என்று ஒரு பை இருக்கிறது. நமக்கு அது சின்னதாக, குடல்வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு கிடக்கிறது. இவர்களுக்கோ வயிற்றில் பாதியை அடைத்துக்கொண்டிருக்கும். உள்ளே கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நாரைப் புளிக்கவைத்துச் சத்தாக்குகின்றன. புளித்தால் காற்று வரும். அந்தக் காற்றைப் பின்னால் தள்ளிக்கொண்டு போவது, தொடர்ந்து உள்ளே வந்துகொண்டிருக்கிற நார்தான். சாப்பிடுவது நின்றால் குடல் நகர்வது நின்றுவிடும். குடல் நின்றால் காற்றுத் தேங்கும். காற்றுத் தேங்கினால் வலிக்கும். வலித்தால் சாப்பிடப் பிடிக்காது. இந்த வட்டத்தில் மாட்டிக்கொண்டால் ஒரே நாளில் கதை முடிந்துவிடக்கூடும். வாந்தியும் எடுக்கத் தெரியாது இவர்களுக்கு. உடம்பின் அமைப்பே அப்படி.

ஒன்பதரைக்கு இன்னொரு காபிக்காக எழுந்தபோதுதான் பார்த்தேன். சுண்டல் மூலையில், பந்து மாதிரி முதுகைக் கூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரோமமெல்லாம் சிலிர்த்து நின்றது. கண் பாதி மூடியிருந்தது. நேற்று ராத்திரி வைத்த புல் அவன் பக்கத்தில் அப்படியே இருந்தது. கொத்தமல்லியை மூக்குக்கு நேராக நீட்டினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். கிட்டத்தில் போனால் பல்லை நறநறவென்று கடிக்கிற சத்தம். இது மெல்லுகிற சத்தம் இல்லை, வலியில் கடிக்கிற சத்தம் என்று அக்காவின் மூன்றாம் பக்கத்தில் இருந்தது. கூண்டில் எப்போதும் இறைந்து கிடக்கும் புழுக்கை அவன் பக்கம் ஒன்றுகூட இல்லை.

தூக்கினேன். வழக்கமாகத் துள்ளுகிறவன் துள்ளவில்லை. வயிறு கையில் கல் மாதிரி பட்டது.

அப்பாயி பூக்கூடையை நகர்த்திவிட்டு எழுந்து வந்தது. அதற்கு முழங்கால் வலி, தரையில் உட்காரவே உட்காராது. அன்றைக்கு உட்கார்ந்தது. ஒரு விரலை அவன் விலாவுக்குக் கீழே வைத்து, இன்னொரு விரலால் அதன்மேல் மெல்லத் தட்டியது. டொப், டொப் என்று கேட்டது.

"உப்புசம்டா இது. மாட்டுக்கு வர்ற மாதிரி. வயிறு மேளம் மாதிரி கேக்குது பாரு."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. டாக்டர் பிறகு ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு செய்ததும் அதே தட்டல்தான். அப்பாயி நாற்பது வருடம் மாடு வளர்த்த ஆள். இடது பக்கம் விலாவுக்குப் பின்னால் இருக்கிற பள்ளம் மேடாகிவிட்டால் உப்புசம் என்று தெரியும். மாட்டை முன்னங்கால் மேட்டில் இருக்கிற மாதிரி நிறுத்தி, வாயில் குச்சியைக் கடிக்கவைத்து, எண்ணெய் புகட்டிக் காற்றை ஏப்பமாக வெளியேற்றுவார்கள். அதுவும் முடியாமல் போனால் கால்நடை டாக்டர் வந்து பள்ளத்தில் குத்திக் காற்றை எடுப்பார். இதையெல்லாம் பார்த்து வளர்ந்த கை அது.

அந்தக் கை நேராக அடுப்படிக்குப் போய் நல்லெண்ணெய்க் கிண்ணத்தையும் பாலாடையையும் எடுத்துக்கொண்டு வந்தது. கூடவே ஓமத் தண்ணி.

அங்கேதான் நான் கத்தினேன்.

"உங்க வைத்தியமெல்லாம் போதும் அப்பாயி. தாத்தாவுக்குப் பண்ணது பத்தாதா?"

இதைப் புரிந்துகொள்ள எட்டு வருடம் பின்னால் போக வேண்டும். 2014 ஐப்பசி. லால்குடி பக்கத்தில் எங்கள் ஊர் வீடு. தாத்தா ராத்திரி சாப்பிட்டுவிட்டு, நெஞ்சை நீவிக்கொண்டே திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மொச்சைக்கொட்டைக் குழம்பு. "வாயுப் பிடிப்பு" என்றார். அப்பாயி ஓமத் தண்ணி கொடுத்தது. கொஞ்ச நேரம் கழித்து இஞ்சிச் சாறு. மழை கொட்டிக்கொண்டிருந்த ராத்திரியில் அவருக்கு வேர்த்து ஊற்றியது. துண்டால் துடைத்துக்கொண்டே, "இப்ப லேசாயிருச்சு, நீ போய்ப் படு" என்றாராம். விடியும்போது இல்லை. மாரடைப்பு என்று பிறகு சொன்னார்கள். அது மாரடைப்புக்கான வேர்வை என்று வீட்டில் எல்லோருக்கும் அடுத்த நாளே தெரிந்துவிட்டது. தெரிந்து என்ன செய்ய.

நம் வீடுகளில் நெஞ்சு வலித்தால் கேஸ், முதுகு பிடித்தால் கேஸ், தலை சுற்றினால் கேஸ். அந்தச் சொல்லில் ஒரு ஆறுதல் இருக்கிறது. கேஸ் என்றால் சாவு இல்லை, ஆஸ்பத்திரி செலவு இல்லை, ராத்திரி யாரையும் எழுப்ப வேண்டியதில்லை. தாத்தாவுக்கு உண்மையில் இருந்தது வேறு, வீட்டில் வைத்த பெயர் கேஸ். சுண்டலுக்கு உண்மையிலேயே கேஸ், நான் வைத்த பெயர் தூக்கம். தாத்தா விஷயத்தை அந்த எட்டு வருடத்தில் எங்கள் வீட்டில் ஒருத்தர்கூட அப்பாயி முகத்துக்கு நேராகச் சொன்னதில்லை. அப்பா குடித்துவிட்டு வந்த நாளில்கூடச் சொன்னதில்லை. ஒரு கொறிக்கும் பிராணிக்காக நான் சொன்னேன்.

அப்பாயி ஒன்றும் பேசவில்லை. பாலாடையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தது.

எண்ணெயைத் தடுத்தது சரி. அதை மாற்றிச் சொல்ல மாட்டேன். மாடு ஏப்பம் விடும், எண்ணெய் போய் நுரையை உடைக்கும். இவர்களுக்குக் காற்று அடைத்திருப்பது வேறு இடத்தில். பயந்து திமிறுகிற வாயில் எண்ணெயை ஊற்றினால் மூச்சுக்குழலுக்குள் போய் நுரையீரல் போய்விடும். ஆனால் தடுப்பதற்கு "வேணாம் அப்பாயி, பொறை ஏறிடும்" என்ற நாலு வார்த்தை போதும்.

அம்மாவும் அப்பாவும் புதுக்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் பொங்கலுக்குப் போயிருந்தார்கள். எனக்கு ஆன்-கால் டியூட்டி, அதனால் உறையூர் ஃப்ளாட்டில் நானும் அப்பாயியும் மட்டும். காணும் பொங்கல், அரசு விடுமுறை. திருச்சியில் பாதி முக்கொம்பில் இருந்தது. நான் கூப்பிட்ட முதல் மூன்று கிளினிக்கில் எடுக்கவே இல்லை. நாலாவது எடுத்தவர் நாய், பூனைதான் பார்ப்பேன் என்று முதலிலேயே நேர்மையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, "இன்ஃபெக்ஷனா இருக்கும், அமாக்சிசிலின் சிரப் ரெண்டு சொட்டு குடுத்து ரெண்டு நாள் பாருங்க" என்றார்.

மெடிக்கல் ஷாப்புக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது அக்காவின் வீடியோ கால் வந்தது. அங்கே விடியற்காலை ஐந்து மணிக்கு மேல். கலைந்த தலையோடு, "எதுவும் குடுத்தியா? பென்சிலின் குடும்பத்துல எதுவும் குடுக்கக் கூடாதுடா, நாலாம் பக்கம் பாரு, நாலாம் பக்கம்" என்று கத்தினாள். நாலாம் பக்கத்தை நான் படித்ததே இல்லை. பென்சிலின், அமாக்சிசிலின் வகை மருந்துகளை வாய்வழியாகக் கொடுத்தால் கினிப் பன்றியின் குடலில் இருக்கிற நல்ல நுண்ணுயிர்கள் செத்து, விஷம் கக்குகிற வகை பெருகிவிடும். நமக்குச் சாதாரண சிரப், அவர்களுக்குக் கொலை. சொன்ன டாக்டர் கெட்டவர் இல்லை. தெரியாத ஒன்றைத் தெரியாது என்று ஆரம்பித்து, பாதியில் நிறுத்தத் தவறியவர். அன்று காலை நானும் அதைத்தான் செய்திருந்தேன்.

பறவையும் முயலும் பார்க்கிற ஒரு பெண் டாக்டரின் எண் அக்காவின் பழைய சினேகிதி மூலம் கிடைத்தது. கே.கே. நகர் பக்கம். "பன்னண்டு மணிக்குள்ள கொண்டு வாங்க, சாப்பிடாம எத்தன மணி நேரம்?" என்று கேட்டார். நேற்று ராத்திரியிலிருந்து என்று வைத்துக்கொண்டால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல். "உடனே கெளம்புங்க" என்றார். தனியாகக் கொண்டுபோனால் பயந்துவிடுவான், போண்டாவையும் கூட வையுங்கள் என்றும் சொன்னார். கூட்டமாக வாழ்கிற பிராணி அது. ஸ்விட்சர்லாந்தில் ஒற்றைக் கினிப் பன்றியை வளர்ப்பதைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆட்டோவில் கூடை என் மடியில். அப்பாயி கூப்பிடாமலேயே செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. வழியெல்லாம் பேசவில்லை.

டாக்டர் முதலில் எடை போட்டார். 812 கிராம். போன ஞாயிற்றுக்கிழமை 860 என்று என் ஃபோனில் இருந்தது. வாராவாரம் அடுப்படித் தராசில் நிறுத்துக் குறித்துவைக்கிற பழக்கத்தை அக்காதான் ஏற்படுத்தியிருந்தாள். "இத எழுதி வெச்சிருக்கீங்கள்ல, இதுவே பாதி வைத்தியம்" என்றார். இரையாகிற பிராணிகள் நோயை வெளியே காட்டாது, காட்டினால் பருந்துக்கும் நரிக்கும் முதலில் கண்ணில் படும், அதனால் முகத்தைப் பார்க்காதே, தராசைப் பார் என்று விளக்கினார். பிறகு எக்ஸ்ரே. திரையில் சுண்டலின் வயிறு கறுப்புக் கறுப்பான உருண்டைகளாக இருந்தது. கறுப்பு எல்லாம் காற்று. இரைப்பை திருகிக்கொண்டிருந்தால் ஒரே பெரிய பலூன் மாதிரி தெரியும், அப்படியிருந்தால் ஆபரேஷன்தான், அதிலும் பிழைப்பது அபூர்வம். இது திருகல் இல்லை, குடலில் அடைப்பும் தெரியவில்லை. இந்தப் படம் இல்லாமல் வெளியிலிருந்து வயிற்றைத் தொட்டு இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது என்றார்.

வலிக்கு ஊசி. தோலுக்கடியில் வெதுவெதுப்பான சலைன். அடைப்பு இல்லை என்று உறுதியானதால் குடலை நகர்த்துகிற மருந்து. கைக்குழந்தைகளுக்கு உப்புசத்துக்குக் கொடுக்கிற சிமெதிகோன் சொட்டு. அது காற்றை உறிஞ்சாது. நுரையாக இருக்கிற சின்னச் சின்னக் குமிழிகளை ஒன்று சேர்த்து, வெளியே போக வசதியாகப் பெரிய குமிழியாக்கும், அவ்வளவுதான். "இது பெருசா உதவுமான்னு எங்களுக்குள்ளயே கருத்து வேறுபாடு உண்டு. கெடுதல் இல்ல. காப்பாத்தப் போறது வலி மருந்தும் நாரும்தான்" என்றார். எந்த மருந்தின் அளவையும் இங்கே எழுதவில்லை. எடைக்கு எடை மாறும், பார்த்தவர்தான் சொல்ல வேண்டும்.

பேனாவை எடுத்துக்கொண்டு அந்தக் கேள்வியைக் கேட்டார். "கடைசி ரெண்டு நாள்ல என்ன சாப்பிட்டான்? புதுசா ஏதாவது?"

"ஒண்ணுமில்ல மேடம். ஹே, கொஞ்சம் பெல்லட், கொத்தமல்லி, ஒரு துண்டு கொய்யா. வழக்கமானதுதான்."

"முட்டைக்கோஸ், காலிஃப்ளவர்? ஈரப் புல்லு? பிஸ்கட், சாதம் மாதிரி ஏதாவது?"

"சேச்சே, இல்ல."

அப்பாயி சுவரில் மாட்டியிருந்த நாய்ப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வயிறு கொஞ்சம் இளகிய பிறகு, ராத்திரி பத்து மணியிலிருந்து பெல்லட்டை வெந்நீரில் கரைத்து ஊசியில்லாத சிரிஞ்சில் புகட்டச் சொன்னார். இறுக்கமாக இருக்கும்போதே திணிக்கக் கூடாது, காற்றுக்கு மேல் சோற்றை அடைக்கிற மாதிரி ஆகிவிடும். எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். வீட்டுக்கு வந்து வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றி, வேண்டாமென்றால் நகர்ந்துகொள்ள இடம்விட்டு, அவன் பக்கத்தில் வைத்தேன். மாலை ஆறு மணிக்கு வயிறு அதே கல். எட்டு மணிக்குச் சற்று இளக்கம். போண்டா அவன் முதுகில் தாடையை வைத்துக்கொண்டு படுத்திருந்தான்.

ஒன்பதே முக்காலுக்கு நான் பெல்லட்டை ஊறவைத்துக்கொண்டிருந்தபோது அப்பாயி அடுப்படி வாசலில் வந்து நின்றது.

"தம்பி. நான் பொங்கல் குடுத்தேன்டா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"நேத்து. மாட்டுப் பொங்கலுக்கு. நீ ஃபோன்ல பேசிக்கிட்டிருந்த. ஒரு உருண்டை சக்கரப் பொங்கல், ஒரு துண்டு வாழப்பழம். நெத்தியில குங்குமமும் வெச்சேன். பெரியவன் மோந்து பாத்துட்டுப் போயிட்டான். இவன் முழுசாத் தின்னுட்டான்."

ஊரில் அப்பாயியிடம் கடைசியாக இருந்த பசுவின் பெயர் செவலை. தாத்தா போன பிறகு அதை விற்றுவிட்டுத்தான் ஃப்ளாட்டுக்கு வந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு மாட்டுப் பொங்கலுக்கும் பொங்கிவிட்டு, கொடுக்க வாயில்லாமல் காக்காய்க்கு மட்டும் வைத்துக்கொண்டிருந்தது. இந்த வருடம் வீட்டில் இரண்டு ஜீவன் இருந்தது. பிறகு சுண்டலைத் தூக்கிப் பார்த்தேன். இரண்டு காதுக்கும் நடுவே, ரோமத்துக்குள்ளே, கரைந்த குங்குமம். அன்று முழுக்க அவனை இருபது தடவையாவது தூக்கியிருப்பேன். கண்ணில் படவே இல்லை.

பொங்கலைத் தின்றால் மாட்டுக்கும் கெடுதல்தான். வருடா வருடம் கால்நடை மருத்துவர்கள் சொல்வதுண்டு, பிரியத்தில் அளவுக்கு மீறிப் பொங்கல் வைக்காதீர்கள், மாவுச்சத்து சட்டென்று புளித்து வயிறு கெட்டுவிடும் என்று. அரிசியும் வெல்லமும் ஒரு 860 கிராம் பிராணியின் பெருங்குடல்வாயில் என்ன செய்யும் என்று யோசிக்கப் பெரிய அறிவு வேண்டாம்.

"டாக்டர் கேட்டப்ப ஏன் அப்பாயி சொல்லல?" என்று கேட்க வாயெடுத்தேன். எடுக்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. காலையில் நான் சொன்னதைக் கேட்ட பிறகு எந்த மனுஷிக்கு வாய் வரும்?

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சொன்னீங்களே, நல்லதாப் போச்சு. அப்ப பெல்லட் வேணாம், அதுலயும் மாவு இருக்கு. ஹேயவே பொடி பண்ணி வெந்நீர்ல கலந்து குடுங்க. வெறும் நார் போகட்டும்" என்றார்.

காய்ந்த புல்லைப் பொடி செய்வது பேசுகிற மாதிரி சுலபம் இல்லை. மிக்ஸியில் போட்டால் மேலே பறக்கிறது, கீழே நார் நாராக நிற்கிறது. சிரிஞ்சின் முனையை முதல் தடவையிலேயே அடைத்துவிட்டது. அப்பாயி என் கையிலிருந்து ஜாரை வாங்கியது. கத்தரிக்கோலால் புல்லை நறுக்கி, மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி, காபிப்பொடி மாதிரி வரும்வரை மாவுச் சல்லடையில் மூன்று தடவை சலித்தது. பழைய காட்டன் புடவைத் துண்டில் சுண்டலைக் குழந்தை மாதிரி சுற்றி மடியில் வைத்துக்கொண்டது. முன்பற்களுக்குப் பின்னால் பக்கவாட்டில் ஒரு இடைவெளி இருக்கிறது, அங்கே சிரிஞ்சை வைத்து ஒரு துளி. அவன் மென்று முழுங்கும்வரை காத்திருந்து அடுத்த துளி. தலையை அண்ணாத்தக் கூடாது. நான் இரண்டாவது சொட்டிலேயே அவசரப்பட்டேன். "இருடா, வாயில இருக்கு" என்றது அப்பாயி. அதற்கு எப்படித் தெரிகிறது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. தாடையின் அசைவு விரலில் தெரியும் என்கிறது.

இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. நடுராத்திரி தாண்டிய ஒரு வேளையில், அவன் கண்ணைப் பார்த்தபடியே அப்பாயி பேசியது.

"ஒங்க தாத்தா அன்னைக்கு லேசாயிருச்சுன்னு சொன்னாருடா. நான் நம்பல. முகம் வேற மாதிரி இருந்துச்சு. மழையில ராத்திரி யாரைப் போய் எழுப்புறது, வண்டிக்கு எங்க போறதுன்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன், கேஸ்தான்னு."

நான் "மன்னிச்சுக்கோங்க அப்பாயி" என்றேன். அது அதற்குப் பதில் சொல்லவில்லை. "அந்தத் தண்ணி பாட்டில் ஆறிப்போச்சு, மாத்தி எடுத்துட்டு வா" என்றது.

பெருவில் நாட்டு வைத்தியர்கள் நோயாளியின் உடம்பு முழுக்க உயிருள்ள கினிப் பன்றியைத் தடவி, பிறகு அதை அறுத்துப் பார்த்து மனிதருக்கு என்ன நோய் என்று கண்டுபிடிப்பார்கள் என்று பிறகு எங்கோ படித்தேன். மனிதரின் நோய் அதன் குடலில் தெரியும் என்பது நம்பிக்கை. நம்பிக்கையை விடுங்கள். அன்றைய ராத்திரியில் அப்பாயியின் மடியில் இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு நான் சோஃபாவில் கண்ணயர்ந்திருந்தபோது தோளில் தட்டல். "தம்பி, எந்திரி. புழுக்கை போட்டுட்டான்." புடவைத் துண்டில் மூன்று இருந்தது. சின்னதாக, காய்ந்து, ஒரு முனை கூராக. ஆரோக்கியமான புழுக்கை இரண்டு முனையும் மழுங்கி, புடைத்து இருக்கும். பரவாயில்லை, வழி திறந்துவிட்டது. அப்பாயி அதை ஒரு டப்பர்வேர் மூடியில் எடுத்துவைத்து, டாக்டருக்குக் காட்ட வேண்டும் என்றது. மத்தியானத்துக்குள் இருபத்தாறு ஆனது. எண்ணியது நான் இல்லை.

மறுபடி கிளினிக், இன்னொரு வலி ஊசி. மூன்றாம் நாள் காலை கவர் சரசரத்தபோது கீச்சுக் குரல் மெலிதாக, ஒரே ஒரு தடவை கேட்டது. எடை பழையபடி 860 ஆக மூன்று வாரம் பிடித்தது. பெல்லட்டை மெதுவாகத்தான் திரும்பக் கொடுத்தோம். இப்போது கூண்டின் மேல் அப்பாயியின் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: 'யாரும் ஒண்ணும் குடுக்க வேண்டாம்'. அடுத்த மாட்டுப் பொங்கலுக்குப் பிள்ளையார் கோயில் வாசலில் அருகம்புல் வாங்கி, கழுவி, ஈரம் போக உலர்த்தி, இரண்டு பேருக்கும் பிரித்து வைத்தது. குங்குமம் வைத்துக்கொள்ளலாமா என்று என்னிடம் கேட்டது. துளி வைக்கலாம் அப்பாயி என்றேன்.

அந்த வருடம் சித்திரையில் ஒரு நாள் ராத்திரி, பதினோரு மணி இருக்கும். நான் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருந்தேன். அப்பாயி வந்து பக்கத்தில் நின்றது. கையில் ஓமத் தண்ணி பாட்டில் இருந்தது, மூடி திறக்கவில்லை.

"நெஞ்ச அடைக்கிற மாதிரி இருக்குடா. கேஸாத்தான் இருக்கும். எதுக்கும் ஆஸ்பத்திரி போயிட்டு வந்துரலாமா?"

ஆட்டோவில் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், மூன்று மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தார்கள். டியூட்டி டாக்டர் சின்னப் பையன், என் வயதுதான் இருக்கும். தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பயப்படாதீங்க பாட்டி. கேஸ்தான்" என்றான்.

திரும்பி வரும்போது மணி மூன்று. "இத சொல்றதுக்கு 2,200 ரூவாயா" என்று அப்பாயி உறையூர் வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தது. வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணி குடிக்க ஃபிரிட்ஜைத் திறந்தது. ரெண்டு பேரும் கத்த ஆரம்பித்தார்கள்.